ஐந்து பவுனுடன் பாரிஸ் போன வாலிபர்

பெண்களின் உடையில் புதுமை செய்து, உலகப் புகழ் பெற்ற சார்லஸ் வொர்த்தின் கதை

பாரிஸ் நகரம். டுயிலரி அரண்மனை.

1860-ம் ஆண்டு வாக்கில் ஓர் இரவு. அரண்மனையில் நடன விருந்து. பிரான்ஸ் நாட்டின் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனும், மகாராணி யூஜினியும் விருந்துக்கு வந்தவர்களோடு பேசிக்கொண்டு இருந்தார்கள்.

அப்போது, ஆஸ்திரியா நாட்டுத் தூதரின் மனைவி இளவரசி பாலின் மெட்டர்னிக் உள்ளே வந்தார்.

அவர் பெரிய அழகி அல்ல. அதை அவரே சொல்லிச் சிரிப்பது உண்டு. ஆனால், அன்று எல்லோருடைய கண்ணும் அவர் மீதே விழுந்தது. காரணம், அவர் உடுத்தி இருந்த உடை.

வெள்ளைச் சல்லாத் துணி. அதில் வெள்ளிச் சரிகை மின்னியது. புல் கொத்துகளுக்கு நடுவே டெய்சிப் பூக்கள் பூத்திருந்தன. அந்தப் பூக்களின் மேல் இன்னொரு மெல்லிய வெள்ளைத் துணி, பனி போலப் படர்ந்து இருந்தது.

மகாராணி அதைப் பார்த்தார். உடனே இளவரசியிடம், அந்த உடையைத் தைத்தது யார் என்று கேட்டார்.

ஓர் ஆங்கிலேயர் என்று இளவரசி சொன்னார். பெயர் வொர்த் என்றார்.

மகாராணிக்கு ஆச்சரியம். பாரிஸ் நகரில் ஓர் ஆங்கிலேயர், அதுவும் ஓர் ஆண், பெண்களுக்கு உடை தைக்கிறாரா? மறுநாள் காலை 10 மணிக்கு அவரை அரண்மனைக்கு வரச்சொல்லும்படி கட்டளையிட்டார்.

அந்த அழைப்புக்காக சார்லஸ் வொர்த் பதினைந்து ஆண்டுகள் உழைத்திருந்தார். கையில் ஐந்து பவுனுடன் பாரிசுக்கு வந்தவர் அவர். அவர் கதை இது.

குடும்பம் சிதறியது

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே போர்ன் என்ற சிற்றூர். அந்த ஊரில் 1825-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி சார்லஸ் பிரடெரிக் வொர்த் பிறந்தான்.

தந்தை வில்லியம் வொர்த் ஒரு வக்கீல். ஊரில் மதிப்பு உள்ள குடும்பம். குறை ஒன்றும் இல்லாமல் வாழ்ந்திருக்கலாம். ஆனால், தந்தைக்குச் சூதாட்டப் பழக்கம் இருந்தது.

சூதில் காசு போயிற்று. கடன் வந்தது. கடைசியில் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்தது. தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார்.

தாய் மேரி என்ன செய்வாள்? வக்கீல் வீட்டு அம்மாளாக இருந்தவள், உறவினர் வீட்டில் வேலை பார்த்துப் பிழைக்க வேண்டிய நிலைக்கு வந்தாள்.

சார்லசுக்கு அப்போது வயது 11. பள்ளிக்கூடப் படிப்பு அதோடு முடிந்தது. அவனை ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்தார்கள்.

அச்சு வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. கையில் மை ஒட்டும். மனமோ வேறு எங்கோ இருக்கும். துணிகளின் நிறமும் பளபளப்பும் அவன் கண்ணில் நின்றன. லண்டனுக்குப் போய் ஒரு துணிக்கடையில் சேரவேண்டும் என்று தாயிடம் சொன்னான்.

தாய் மறுக்கவில்லை. இருந்த ஒரே ஆறுதலையும் பிரிய அவள் சம்மதித்தாள்.

லண்டன் துணிக்கடை

1838-ம் ஆண்டு. லண்டன் பிக்காடில்லியில் ஸ்வான் அண்டு எட்கர் என்ற பெரிய துணிக்கடை இருந்தது. சார்லஸ் அதில் தொழில் பழகச் சேர்ந்தான்.

காலை முதல் இரவு வரை வேலை. துணியை எடுத்துக் காட்ட வேண்டும். அளந்து கிழிக்க வேண்டும். மடித்து வைக்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். இப்படி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஓடின.

அந்த ஏழு ஆண்டுகளில் அவன் கற்றுக்கொண்டது பலருக்குக் கிடைக்காத பாடம். எந்தப் பட்டு எப்படி மடியும்? எந்தத் துணி இடுப்பில் இறுகப் பிடிக்கும்? எது காற்றில் மிதக்கும்? எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும்? இவை எல்லாம் அவன் விரல் நுனிக்கு வந்துவிட்டன.

அவன் லண்டனுக்கு வந்த அதே ஆண்டில், டிரபால்கர் சதுக்கத்தில் தேசிய ஓவியக் கூடத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கடைக்கு அது நடந்து போகும் தூரம். ஓய்வு கிடைத்தபோது சார்லஸ் அங்கே போனான்.

பழைய ஓவியங்களில் அரசிகளும் பிரபுக்களின் மனைவிமாரும் இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களுடைய முகத்தைப் பார்த்தார்கள். சார்லஸ் அவர்களுடைய உடையைப் பார்த்தான். கை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது? கழுத்து எப்படி அமைந்திருக்கிறது? மடிப்பு எங்கே தொடங்குகிறது? அந்த ஓவியங்கள்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் அவர் செய்த புதுமைகளில் பல, அந்தப் பழைய படங்களில் இருந்து பிறந்தவை.

மொழி தெரியாத ஊரில்

பெண்கள் உடைக்கு அப்போது உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் பாரிஸ். அங்கே போகாமல் இந்தத் தொழிலில் முன்னுக்கு வரமுடியாது என்று சார்லஸ் முடிவு செய்தார்.

1845-ம் ஆண்டு கடைசியில் அவர் பாரிசுக்குக் கப்பல் ஏறினார். வயது 20. கையில் இருந்தது ஐந்து பவுன். பிரெஞ்சு மொழியில் ஒரு வார்த்தைகூடச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர் என்று அந்த ஊரில் யாரும் இல்லை.

முதலில் கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்தார். பகலில் வேலை, மற்ற நேரத்தில் மொழி. மெல்ல மெல்லப் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டார்.

பிறகு, கஜலென் என்ற புகழ்பெற்ற பட்டுக்கடையில் விற்பனையாளர் வேலை கிடைத்தது. உயர்ந்த பட்டுகளும், சால்வைகளும், தைத்த மேலங்கிகளும் விற்ற கடை அது. பணக்காரப் பெண்கள் வந்து போகும் இடம்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது.

மேரி அணிந்த சால்வை

கஜலென் கடையில் மேரி வெர்னே என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். சால்வைகளைத் தோளில் போட்டு, நடந்து காட்டுவது அவள் வேலை. வாங்க வந்த பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குப் பிடித்ததை எடுப்பார்கள்.

சால்வையின் அழகு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால், உள்ளே அணியும் உடை எளிமையாகவும் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். ஆகவே வொர்த், மேரிக்குச் சில உடைகளைத் தாமே வடிவமைத்துக் கொடுத்தார்.

நடந்தது என்ன தெரியுமா? வந்த பெண்கள் சால்வையை மறந்துவிட்டார்கள். மேரி அணிந்திருந்த உடையைக் காட்டி, அது எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள்!

1851-ம் ஆண்டு வொர்த்தும் மேரியும் திருமணம் செய்துகொண்டார்கள். வாழ்க்கைக்குத் துணையாக வந்தவர், தொழிலுக்கும் துணையானார். அவர் மனத்தில் தோன்றிய ஒவ்வொரு புது உடையையும் முதலில் அணிந்து காட்டியவர் மேரிதான்.

முதலாளிகளின் தயக்கம்

கடையிலேயே ஒரு தையல் பிரிவு தொடங்கலாம் என்று வொர்த் யோசனை சொன்னார். முதலாளிகள் தயங்கினார்கள். பட்டு விற்கும் பெரிய கடை, தையல் வேலையில் இறங்குவதா? கௌரவம் என்ன ஆவது?

ஏன் அப்படி நினைத்தார்கள்?

அந்த நாளில் துணி விற்பவர் வேறு. உடை தைப்பவர் வேறு. ஒரு பெண்ணுக்கு உடை வேண்டும் என்றால், முதலில் கடைக்குப் போய்த் துணி வாங்குவாள். சரிகையும் பூவேலைப் பட்டியும் வேறு கடையில் வாங்குவாள். எல்லாவற்றையும் தையல்காரியிடம் கொடுத்து, இப்படித் தை, அப்படித் தை என்று சொல்வாள். தையல்காரி சொன்னபடி தைத்துக் கொடுப்பாள். பெரிய வீடுகளுக்கு அவளே போய் அளவு எடுப்பாள். அவளுக்குக் கூலி உண்டு, பெயர் கிடையாது.

இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது வொர்த்தின் எண்ணம். துணியும் தையலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். துணியைத் தெரிந்தவனே உடையின் வடிவத்தையும் தீர்மானிக்க வேண்டும்.

கடைசியில் முதலாளிகள் ஒரு சிறு பிரிவுக்கு இடம் கொடுத்தார்கள். அது கடைக்குப் பெருமை தேடித் தந்தது. 1851-ல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கஜலென் கடை பரிசு பெற்றது. 1855-ல் பாரிஸ் பொருட்காட்சியில், வொர்த் வடிவமைத்த அரசவை உடை பதக்கம் பெற்றது. அதுவரை இடுப்பில் இருந்து தொங்கிய நீண்ட பின்தொங்கலை, அவர் தோளில் இருந்து தொங்கவிட்டிருந்தார்.

பதக்கம் கடைக்குப் போயிற்று. வொர்த் சம்பளக்காரராகவே இருந்தார். தையல் பிரிவைப் பெரிதாக்க அவர் எவ்வளவோ சொல்லியும் பலன் இல்லை.

துணிந்து இறங்கினார்

வொர்த்துக்கு வயது 32 ஆகிவிட்டது. மனைவி, இரண்டு ஆண் குழந்தைகள். மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை. அதை விடுவதா?

தொழில் தொடங்கிக் கடன்பட்டால் குடும்பம் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. தந்தை பட்ட கடனால் தாய் அடைந்த துன்பத்தை 11 வயதில் கண்ணால் கண்டவர் அவர்.

ஆனால், சூது வேறு, தொழில் வேறு. தெரியாத காயை நம்பிப் பணத்தை வைப்பது சூது. இருபது ஆண்டுகள் கற்ற வேலையை நம்பி இறங்குவது தொழில். வொர்த் இறங்கினார்.

ஒட்டோ போபெர்க் என்பவர் ஸ்வீடன் நாட்டுக்காரர். அவரும் துணி வியாபாரத்தில் இருந்தவர். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1858-ம் ஆண்டு பாரிசில், ரூ தெ லா பே என்ற தெருவில் 7-ம் எண் கட்டடத்தில், வொர்த் அண்டு போபெர்க் என்ற பெயரில் கடை திறந்தார்கள்.

கடை திறந்தாகிவிட்டது. உடை தயார். ஆனால், ஒன்று குறைந்தது. அரண்மனைக்குப் போய் வரும் பெரிய இடத்துப் பெண் ஒருத்தி அந்த உடையை அணிய வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் வருவார்கள்.

இரண்டு உடை, 600 பிராங்க்

இளவரசி மெட்டர்னிக் பாரிசுக்குப் புதிதாக வந்திருந்தார். பேச்சில் கெட்டிக்காரி. புதுமையில் ஆசை உள்ளவர். அவரைப் பிடித்தால் அரண்மனைக் கதவு திறக்கும் என்று வொர்த் கணக்குப் போட்டார்.

அவரிடம் போனது வொர்த் அல்ல, மேரி. கணவர் வரைந்த உடைப் படங்களை ஒரு புத்தகமாகக் கட்டி எடுத்துக்கொண்டு மேரி தூதர் மாளிகைக்குப் போனார். பணிப்பெண் அந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டு போனாள்.

ஓர் ஆங்கிலேயன் பெண்களுக்கு உடை தைக்கிறானா என்று இளவரசிக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு படங்களைப் புரட்டினார். ஒரு படம், இன்னொரு படம். வேடிக்கை நின்றுவிட்டது. மேரியை உள்ளே வரச்சொன்னார்.

விலை என்ன என்று இளவரசி கேட்டார். அவர் அணிந்துகொண்டால் போதும், விலையை அவரே சொல்லலாம் என்றார் மேரி. ஆளுக்கு ஆள் விலை பேசி ஏமாற்றும் ஊரில், இந்தப் பதில் இளவரசிக்குப் பிடித்துப் போயிற்று.

இரண்டு உடைகளுக்கு உத்தரவு கொடுத்தார். பகலில் அணிய ஒன்று. இரவு விருந்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 300 பிராங்குக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டார்.

அந்த இரவு உடைதான் டுயிலரி அரண்மனையில் மகாராணியின் கண்ணில் பட்டது.

மறுநாளே வொர்த்துக்கு நல்ல காலம் பிறந்தது. இளவரசிக்கோ கெட்ட காலம். அதற்குப் பிறகு 300 பிராங்குக்கு வொர்த்தின் உடை கிடைக்கவே இல்லை என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகக் குறைபட்டுக்கொண்டார்!

மகாராணி மறுத்த பட்டு

மகாராணி யூஜினிக்கு வொர்த் உடை தைக்கத் தொடங்கினார். ஒரு நாள், கனமான பூவேலைப் பட்டில் ஓர் உடை தைத்து எடுத்துப் போனார். அது லியோன் நகரத்துப் பட்டு.

மகாராணிக்கு அது பிடிக்கவில்லை. ஜன்னல் திரை போல இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் சக்கரவர்த்தி அறைக்குள் வந்தார். வொர்த் அவர் பக்கம் திரும்பினார். லியோன் நகரத்து நெசவாளர்கள் நெய்த பட்டு இது. மகாராணி இதை அணிந்தால் அந்த ஊர் மகிழும் என்று பணிவாக எடுத்துச் சொன்னார்.

சக்கரவர்த்திக்கு உடனே விஷயம் புரிந்தது. லியோன், தறிகள் நிறைந்த நெசவாளர் நகரம். கூலி போதாமல் 1831-லும் 1834-லும் அந்த நெசவாளர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். ராணுவம் வந்துதான் அடங்கியது. ராஜாக்களை விரும்பாத ஊர் என்று அதற்குப் பெயர். அந்த ஊரின் தறி ஓடினால் நாட்டுக்கு நல்லது, அரசருக்கும் நல்லது.

மகாராணி அந்த உடையை அணிந்தார். அரசியலுக்காக அணியும் உடை என்று அத்தகைய உடைகளைப் பிறகு அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

மகாராணி அணிந்ததை மற்றப் பெண்கள் அணியாமல் இருப்பார்களா? லியோன் பட்டுக்குத் தேவை கூடியது. நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரிந்தது. வொர்த்தும், தமக்கு வேண்டிய நிறத்தையும் பூவேலையையும் சொல்லித் தனியாகவே நெய்து வாங்கினார்.

வொர்த் செய்த புதுமைகள்

அவர் தொழிலை நடத்திய முறையே புதியது.

அவர் கடைக்கு வருகிறவர், துணியைக் கையில் கொண்டு வர வேண்டியது இல்லை. எப்படித் தைப்பது என்று சொல்ல வேண்டியதும் இல்லை. பருவத்துக்கு முன்பாகவே வொர்த் புது உடைகளைத் தைத்து வைத்திருப்பார். இளம் பெண்கள் அவற்றை அணிந்து, வந்தவர்கள் முன்னால் நடந்து காட்டுவார்கள். பிடித்ததைச் சொன்னால், அவரவர் அளவுக்குத் தைத்துத் தரப்படும். இன்று உலகம் முழுவதும் நடக்கும் பேஷன் காட்சிகளுக்கு விதை அங்கே விழுந்தது. அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மேரி.

கடையில் ஓர் அறைக்கு ஜன்னல் வெளிச்சம் வராது. சுற்றிலும் நிலைக்கண்ணாடி, காஸ் விளக்கு. இரவு விருந்துக்கு உடை வாங்க வருகிறவர்களை அந்த அறைக்கு அழைத்துப் போவார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரித் தெரியும் நிறம், விளக்கு வெளிச்சத்தில் வேறு மாதிரித் தெரியும் அல்லவா? வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

தையலிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஓர் உடையின் கை, இன்னோர் உடையின் உடம்போடு பொருந்தும்படி வெட்டுவார். இப்படி மாற்றி மாற்றிச் சேர்த்தால், சில மாதிரிகளில் இருந்தே பல வகை உடைகள் கிடைக்கும். நீளமான தையலுக்கு இயந்திரம். நுணுக்கமான வேலைக்குக் கை. இதனால் வேலை வேகமாக நடந்தது, அழகும் குறையவில்லை.

வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கு மாதிரி உடைகளை விற்றார். அவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் ஊரில் தைத்துக்கொள்ளலாம். நகல் எடுப்பதைத் தடுக்க முடியாது. ஆகவே அதையே வியாபாரம் ஆக்கிவிட்டார்!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஓவியர் தம் படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். வொர்த், தாம் தைத்த உடையின் உள்ளே தம் பெயரை நெய்த லேபிளைத் தைத்தார். பெயர் இல்லாமல் கிடந்த தையல் தொழிலுக்குப் பெயர் வந்தது.

கூண்டுப் பாவாடை போயிற்று

அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே கூண்டு ஒன்று கட்டிக்கொள்வார்கள். எஃகுக் கம்பி வளையங்களால் ஆன கூண்டு அது. பாவாடை குடை போல நாலு பக்கமும் விரிந்து நிற்கும். வாசல் வழியே நுழைவது கஷ்டம். வண்டியில் ஏறுவது அதைவிடக் கஷ்டம். அடுப்பில், விளக்கில் பட்டுத் தீப்பிடித்து உயிரை இழந்த பெண்களும் உண்டு.

முதலில் வொர்த்தும் இந்தக் கூண்டுக்கு ஏற்றபடிதான் தைத்தார். கெஜம் கெஜமாகப் பட்டு விற்றது. ஆனால், 1860-களின் நடுவில் அவர் மனம் மாறியது. பாவாடையின் முன்பக்கத்தைத் தட்டையாக்கினார். விரிவை எல்லாம் பின்பக்கம் தள்ளினார். பிறகு கூண்டே தேவை இல்லாமல் போயிற்று.

நடப்பதற்கு வசதியாக, கணுக்கால் தெரியும் குட்டைப் பாவாடையும் தைத்தார். முதலில் ஊர் முகம் சுளித்தது. மகாராணி அணிந்தார். ஊரும் அணிந்தது.

இரண்டு பேர் கூட்டாகத் தொடங்கிய கடையில் இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். வொர்த் பணக்காரர் ஆனார். பாரிசுக்கு அருகே சுரேன் என்ற இடத்தில் பெரிய மாளிகை கட்டினார்.

குண்டு விழுந்தது

1870-ம் ஆண்டு ஜூலை மாதம். பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது.

ஆறே வாரத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. சக்கரவர்த்தி எதிரியிடம் பிடிபட்டார். செப்டம்பர் 4-ந் தேதி பாரிசில் குடியரசு என்று பிரகடனம் செய்தார்கள். மகாராணி யூஜினி அரண்மனையை விட்டுத் தப்பி, இங்கிலாந்துக்குப் போனார்.

பிரஷ்யப் படை பாரிசைச் சுற்றி வளைத்தது. நாலு மாதத்துக்கு மேல் முற்றுகை. ஊருக்குள் ரொட்டி இல்லை. குளிருக்குக் கரி இல்லை. மக்கள் குதிரை இறைச்சியையும் எலி இறைச்சியையும் தின்றார்கள்.

விருந்து இல்லை, நடனம் இல்லை, அரண்மனையே இல்லை. பட்டு உடை யாருக்கு வேண்டும்?

வொர்த்தின் கடை மருத்துவமனை ஆயிற்று. இளவரசிகள் கண்ணாடி பார்த்த இடத்தில், காயம் அடைந்த போர்வீரர்கள் படுத்துக் கிடந்தார்கள்.

போர் முடிந்தது. அடுத்து உள்நாட்டுக் கலகம். 1871 மே மாதத்தில் டுயிலரி அரண்மனை தீக்கு இரையாயிற்று. வொர்த்தின் முதல் வெற்றியைக் கண்ட மண்டபம் சாம்பல் ஆயிற்று.

கூட்டாளி போபெர்க் தொழிலில் இருந்து விலகினார். வொர்த் தனியாக நின்றார்.

வேறு ஒருவராக இருந்தால், சேர்த்த பணம் போதும் என்று இங்கிலாந்துக்குத் திரும்பியிருப்பார். ஆனால், வொர்த்தை நம்பித் தையல் வேலை செய்த குடும்பங்கள் எத்தனை! 1871-ல் அவர் கடையை மறுபடியும் திறந்தார். இந்தத் தடவை பெயர்ப்பலகையில் வொர்த் என்ற ஒரே பெயர்தான்.

கடல் கடந்து வந்தார்கள்

ராஜ தர்பார் போய்விட்டது. ஆனால், வாங்குகிறவர்கள் வேறு பக்கம் இருந்து வந்தார்கள்.

அமெரிக்காவில் ரெயில் பாதையிலும் வியாபாரத்திலும் பெரும் பணம் சேர்த்த குடும்பங்கள் தோன்றியிருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் நீராவிக் கப்பல் ஏறிப் பாரிசுக்கு வந்தார்கள். வொர்த் கடையில் ஓர் ஆண்டுக்கு வேண்டிய உடைகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

1883-ம் ஆண்டு நியூயார்க்கில் வாண்டர்பில்ட் என்ற கோடீசுவரர் குடும்பத்தில் மாறுவேட விருந்து நடந்தது. மின்சார விளக்கு அப்போது புதுமை. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் மின்சார விளக்கு போலவே வேடம் போட்டு வந்தார். மஞ்சள் பட்டில் மின்னல் மின்னலாகப் பொன் வேலை. அதைத் தைத்தது வொர்த் கடை. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் அந்த உடை பத்திரமாக இருக்கிறது.

ஆஸ்திரிய மகாராணி எலிசபெத், நாடக நடிகை சாரா பெர்னார்ட், பாடகி மெல்பா என்று பலரும் அவருடைய உடைகளை அணிந்தார்கள்.

பெயர் வளர்ந்தது, கூடவே கர்வமும் வளர்ந்தது என்றார்கள். பழைய ஓவியர் ரெம்பிராண்ட் போலத் தலையில் வெல்வெட் தொப்பி வைத்துக்கொண்டு வந்தவர்களை அவர் வரவேற்றார். உனக்கு இந்த நிறம் பொருந்தாது என்று பெரிய இடத்துப் பெண்களிடமும் முகத்துக்கு நேரே சொன்னார். தெரிந்தவர் யாராவது அழைத்துவராமல் புதியவர்கள் உள்ளே நுழைவது எளிது அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பருவம் நெருங்கினால், பாரிஸ் தையல் கூடங்களில் பெண்கள் இரவு முழுவதும் கண் விழித்து ஊசி போட்டார்கள். விருந்தில் ஓர் இரவு ஜொலித்த உடைக்குப் பின்னால், பெயர் தெரியாத நூறு விரல்களின் உழைப்பு இருந்தது. லேபிளில் இருந்தது ஒரே பெயர்தான்.

மாறாத நன்றி

உயரத்துக்குப் போனவர்கள், ஏற்றிவிட்ட ஏணியை மறந்துவிடுவது உலக வழக்கம். வொர்த் மறக்கவில்லை.

யூஜினி இப்போது மகாராணி அல்ல. நாடு இழந்தார், 1873-ல் கணவரை இழந்தார், 1879-ல் ஒரே மகனையும் இழந்தார். கறுப்பு உடையுடன் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரால் வொர்த்துக்கு இனி ஒரு காசு லாபம் இல்லை.

ஆனாலும், ஆண்டுதோறும் வொர்த்திடம் இருந்து அவருக்கு ஊதாப் பூக்கள் போய்ச் சேர்ந்தன.

1895-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி வொர்த் பாரிசில் காலமானார். வயது 69. சுரேன் நகரில் அடக்கம் செய்தார்கள். யூஜினி தம் துயரத்தைத் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். வாழ்விலும் தாழ்விலும் மாறாமல் இருந்த நண்பர் அவர் என்று அந்தச் செய்தி சொன்னது.

டில்லியில் மயில் உடை

கடையை வொர்த்தின் மக்கள் இருவரும் ஏற்று நடத்தினார்கள். மூத்தவர் காஸ்டன், பணத்தையும் நிர்வாகத்தையும் பார்த்தார். இளையவர் ஜான் பிலிப், உடைகளை வடிவமைத்தார்.

இளையவர் காலத்தில் வொர்த் கடைக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு ஏற்பட்டது. 1903-ம் ஆண்டு ஜனவரி மாதம் டில்லியில் தர்பார் நடந்தது. அப்போதைய வைசிராய் கர்சன் பிரபு. அவர் மனைவி மேரி கர்சன், தர்பார் நடன விருந்துக்கு மயில் உடை ஒன்று அணிந்து வந்தார்.

அந்தத் துணி முழுவதும் மயில் தோகை போலச் சரிகை வேலை. ஒவ்வொரு தோகைக் கண்ணிலும் பொன்வண்டின் சிறகு பச்சையாக மின்னியது. சரிகை வேலையைச் செய்தவர்கள் டில்லிக் கைவினைஞர்கள். அந்தத் துணி பாரிசுக்குப் போய், வொர்த் கடையில் உடையாகி, மறுபடியும் டில்லிக்கு வந்தது. எடை ஏறத்தாழ 10 ராத்தல்! இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் மாளிகையில் அந்த உடை பாதுகாக்கப்படுகிறது.

வொர்த்தின் பரம்பரை நாலு தலைமுறை தொழில் நடத்தியது. 1950-களில் அந்தப் பழைய உடைக் கடை மூடப்பட்டது. ஆனால், அவர் போட்ட பாதை மூடவில்லை. 2025-ம் ஆண்டு பாரிசில் பெட்டி பாலே அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். 150 ஆண்டு பழைய பட்டைப் பார்க்க மக்கள் திரண்டார்கள்.

இன்று நாம் வாங்கும் சட்டையின் கழுத்தில் ஒரு சிறு லேபிள் இருக்கிறது. அதைக் கண்டால் வொர்த்தை நினைக்கலாம்.

தந்தையின் சூதாட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரைக் கெடுத்தது. மகனின் உழைப்பு அதே பெயரைப் பட்டில் நெய்து, மகாராணிகளை அணிய வைத்தது.